பிக்குகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பௌத்தத் துறவிகளுக்கு இங்கிலீஷ் கற்றுத்தர முன்வருகிறவர்கள் பலவிதம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள். யார் வந்தாலும் சந்தேகங்கள் மட்டும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கடைக்குப் போய்ப் பேரம் பேசுகிற இங்கிலீஷைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. தங்கள் நூல்களை மொழிபெயர்க்கவும், உபதேசத்தை வெளியாருக்கு எடுத்துச் சொல்லவும் துறவிகளுக்கு என்ன இங்கிலீஷ் வேண்டுமோ அதைப் பற்றித்தான்.

வேலூர்ல பிக்குங்க எங்கங்க இருக்காங்க? நான் பார்த்ததே இல்லையே!

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு லாட்ஜுகளில் பாருங்கள். வங்காள எழுத்தில் போர்டு மாட்டியிருக்கும் அந்தத் தெருக்களுக்கு வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம், பூட்டான் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்களோடு பிக்குகளும் வருவார்கள், சிலர் நோயாளியாக, சிலர் துணைக்கு. டெஸ்ட், ஆபரேஷன், ரிவ்யூ என்று ஒரு மாதம், இரண்டு மாதம் தங்க வேண்டியிருக்கும். துணைக்கு வந்தவருக்குப் பாதி நாள் சும்மாதான் போகும்.

உள்ளூர் பௌத்தக் குடும்பங்கள் நடத்தும் சிறு விகாரைகளில் வந்து தங்கும் பிக்குகளும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபின், அந்த இயக்கம் கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடம் வேர்விட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் ஏராளம் என்பதால் இந்தப் பக்கத்துக்கு அது புதிய சங்கதி இல்லை. மூன்றாவது வழி, காட்பாடியில் ரயிலேறி மைசூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்புக்குப் போய்வருவது. கோடை விடுமுறையை அங்கே தங்கிக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்ற வழி இது.

எனக்கு பௌத்தமே தெரியாது. நான் எப்படி சொல்லித் தர்றது?

தெரியாமல் இருப்பது பெரிய குறை இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு விளக்கப் போவதுதான் சிக்கல். வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொருளுக்குப் பிக்கு பொறுப்பு, வாக்கியத்துக்கு நீங்கள் பொறுப்பு. அவர் பத்து, இருபது வருஷம் படித்ததை நீங்கள் இரண்டு புத்தகம் புரட்டித் திருத்தக் கூடாது. அதேபோல, 'பரவாயில்லை, புரிகிறது' என்று அவருடைய தவறான வாக்கியத்தை நீங்கள் விட்டுவிடவும் கூடாது.

நான்கு உண்மைகள், எட்டு வழி, ஐந்து கந்தங்கள் (உடலும் மனமுமான மனிதனின் ஐந்து கூறுகள்), பன்னிரு சார்பு (ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு) என்ற நான்கு பட்டியலையும் பெயரளவில் தெரிந்துகொண்டு போனால் முதல் மாதம் ஓட்டிவிடலாம். மற்றதை அவரிடமே இங்கிலீஷில் கேளுங்கள். அதுவே அவருக்குப் பேச்சுப் பயிற்சி.

எப்படிக் கூப்பிடணும்? 'சார்'னு சொல்லலாமா?

இலங்கை, வங்கதேசம், மியான்மர் வழித் தேரவாதப் பிக்குகளை 'பந்தே' என்றால் போதும். தாய்லாந்துக்காரர்களில் மூத்தவர் 'அஜான்', மியான்மரில் மூத்த ஆசிரியர் 'சயாதோ'. திபெத்தியர்களிடம் பெயரோடு 'லா' சேர்த்தால் மரியாதை. பட்டம் பெற்றவர் என்றால் 'கெஷே-லா'. உள்ளூர் ஆட்கள் 'ஐயா' என்பதையும் யாரும் தவறாக எடுப்பதில்லை. உங்களைவிட முப்பது வயது சின்னவராக இருந்தாலும் 'தம்பி' மட்டும் வேண்டாம்.

நீங்கள் நாற்காலியிலும் அவர் தரையிலுமாக உட்காராதீர்கள். எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லோருக்கும் பாய்.

நான் பொம்பளை. வகுப்பு எடுக்கறதுல ஏதாவது தடை இருக்கா?

எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது இடமும் ஆட்களும். தேரவாத விநயப்படி (துறவிகளுக்கான ஒழுக்க விதி) ஒரு பிக்கு ஒரு பெண்ணோடு மறைவான இடத்தில் தனியாக உட்காரக் கூடாது. ஆகவே தனி வகுப்பு வேண்டாம். கூடத்தில், கதவு திறந்திருக்க, இன்னொரு ஆணும் இருக்கும்படி வையுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்த வகுப்பாக இருந்தால் பெரும்பாலும் சங்கடமே வராது. ஆனாலும் முதல் நாளே அங்குள்ள மூத்தவரிடம் கேட்டுவிடுவது நல்லது, ஒவ்வொரு நிகாயத்திலும் (துறவிச் சங்கப் பிரிவு) வழக்கம் கொஞ்சம் மாறும்.

தாய்லாந்து வழக்கத்தில் பிக்கு ஒரு பெண்ணின் கையிலிருந்து நேராக எதையும் வாங்க மாட்டார். நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தால் எடுத்துக்கொள்வார். அவமானப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். இதே கவனம் பிக்குணிகளுக்கும் தசசில் மாதாக்களுக்கும் (பத்துச் சீலம் ஏற்ற இலங்கைப் பெண் துறவிகள்) பாடம் எடுக்கும் ஆண்களுக்கும் பொருந்தும்.

எத்தனை மணிக்கு வகுப்பு வைக்கலாம்?

தேரவாதப் பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை சாப்பிடுவதில்லை. கடிகாரம் பார்த்து 12 மணி என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. வேலூரில் சூரிய உச்சி நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11.57-க்கும், பிப்ரவரி நடுவில் சுமார் 12.28-க்கும் வரும். எப்படியானாலும் 10.30 முதல் 12.30 வரை வகுப்பை வைத்தால் அவருடைய ஒரே முழுச் சாப்பாடு கெடும். காலை 7.30 முதல் 9, அல்லது பிற்பகல் 3 முதல் 4.30 சரியாக வரும். பிற்பகலில் பால் கலக்காத டீ கொடுக்கலாம். பால் டீ, பிஸ்கட் தட்டை நீட்டி வற்புறுத்தாதீர்கள். திபெத்தியர்களில் பலர் மாலையிலும் சாப்பிடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி, அமாவாசை உபோசத நாட்கள் (துறவிகள் கூடி விதிகளை ஓதும் நாள்), வகுப்பு வேண்டாம். ஆடி வாக்கில் தொடங்கும் மூன்று மாத மழைக்கால வாசத்தில் பிக்கு இடம் மாற மாட்டார். தொடர்ச்சியாகப் பாடம் நடத்த அதைவிட நல்ல காலம் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மதிய வெயிலில் வகுப்பு வைப்பது யாருக்குமே ஆகாது.

ஃபீஸ் வாங்கலாமா?

விநயப்படி பிக்கு பணத்தைக் கையாளக் கூடாது. நடைமுறையில் பலர் கையாள்கிறார்கள், சிலர் தொடவே மாட்டார்கள். கட்டணம் வேண்டுமென்றால் விகாரைக் குழுவோடோ, கூட இருக்கும் உபாசகரோடோ (துறவியல்லாத பௌத்தர்) பேசுங்கள், பிக்குவிடம் கேட்காதீர்கள். ஜெராக்ஸ், நோட்டுச் செலவுக்கும் இதே வழிதான்.

நான் கிறிஸ்தவன். விழுந்து கும்பிடச் சொல்வாங்களா?

யாரும் சொல்ல மாட்டார்கள். பிக்கு உள்ளே வரும்போது எழுந்து நின்று கைகூப்பினால் போதும்.

ஆனால் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது இந்து ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். வேலூரில் இங்கிலீஷ் நன்றாகப் பேசும் பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள். சமயம் பற்றிப் பேச வாய் திறந்ததும் 'சின்', 'சோல்', 'பிரேயர்', 'சால்வேஷன்' என்று சர்ச் இங்கிலீஷ் தானாக வரும். அகுசலம் (தீய செயல்) என்பதற்கு 'சின்' என்று எழுதிக் கொடுத்தால், கடவுளுக்கு எதிராகச் செய்த குற்றம் என்ற பொருள் உள்ளே வந்துவிடும். இங்கே வழக்கில் இருப்பது 'அன்ஹோல்ஸம்'. ஆன்மா இல்லை என்று போதிப்பவரின் வாயில் 'சோல்' வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 'பியூர் சோல்', 'காட் பிளெஸ்' போன்ற பேச்சு வழக்குகளைக்கூட வகுப்பில் குறைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி ஆரம்பிச்சா போதாதா?

முதல் மூன்று நான்கு வாரம் போதும். மருந்துக் கடை, ரயில் டிக்கெட், டாக்டரிடம் வலி சொல்வது எல்லாம் சி.எம்.சி.க்கு வந்தவர்களுக்கு உடனடித் தேவை. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் கைகொடுக்காது. ஹோட்டலில் மட்டன் ஆர்டர் செய்வது, காதலியைச் சினிமாவுக்கு அழைப்பது போன்ற உரையாடல்களைப் பிக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டிய நிலைமை வரும். இளம் சாமணேரர்கள் (முழுத் துறவு ஏற்காத பயிற்சித் துறவிகள்) சிரித்துச் சமாளிப்பார்கள், மூத்தவர்கள் மறுநாள் வர மாட்டார்கள்.

அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமான நூலிலிருந்து தொடங்குங்கள். தேரவாதப் பிக்குவுக்கு மெத்தா சூத்திரம், மங்கள சூத்திரம், தம்மபதத்தின் முதல் இருபது பாடல்கள். திபெத்தியருக்கு இதய சூத்திரம். மூல வரிகளின் பொருள் அவருக்குத் தெளிவு. அதனால் ஒவ்வொரு இங்கிலீஷ் வாக்கியத்திலும் புதிதாகக் கற்க வேண்டியது இங்கிலீஷ் மட்டும்தான். தெரியாத கருத்தைத் தெரியாத மொழியில் படிக்கிற இரட்டைச் சுமை இல்லை.

இலக்கணத்திலும் இதே சிக்கனம். முதல் ஆறு மாதத்துக்கு இரண்டே காலம்: கதை சொல்ல எளிய இறந்தகாலம் ('புத்தர் சொன்னார்', 'அரசன் கேட்டான்'), கோட்பாடு சொல்ல எளிய நிகழ்காலம் ('ஆசையிலிருந்து துக்கம் பிறக்கிறது'). சூத்திரங்களில் வருவதில் மிகுதியும் இந்த இரண்டுக்குள் அடங்கும். 'ஹேவ் பீன்', 'ஹேட் பீன்' எல்லாம் காத்திருக்கட்டும்.

ஒரு வகுப்புல என்னென்ன பண்ணணும்? நேரம் பிரிச்சுச் சொல்லுங்க.

90 நிமிடம், நான்கிலிருந்து ஆறு பேர். முதல் 15 நிமிடம் ஒலிப் பயிற்சி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஒலி. அடுத்த 25 நிமிடம் கேட்பது. எட்டுப் பத்து வரியை நீங்கள் இரண்டு முறை படிக்க, அவர்கள் புத்தகம் பார்க்காமல் கேட்டு, யார், எங்கே, என்ன என்ற மூன்று கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் 30 நிமிடம் பேச்சு. கடைசி 20 நிமிடத்தில் ஐந்து வாக்கியம் எழுதுவது, அதை அன்றே திருத்தித் தருவது. நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் கழித்துச் சிவப்பு மையோடு கொண்டுவந்தால் ஒரு பயனும் இல்லை.

பேச்சுக்குத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்கு ஊரே உதவும். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832-ல் இறந்த கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் சமாதி. புத்தரின் பல் வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகையின் காவலர் ஏன் பாலாற்றங்கரையில் அடங்கினார் என்று ஓர் இலங்கைப் பிக்குவை இங்கிலீஷில் இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள், இறந்தகால வினைகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். வங்கதேசத்துப் பிக்குவிடம் காந்தி ரோட்டில் பார்த்ததைக் கேளுங்கள்.

எவ்வளவு நாள்ல பேச ஆரம்பிப்பாங்க?

கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் சொல்லும் உத்தேசக் கணக்கில், தொடக்கத்திலிருந்து ஏ2 நிலைக்கு (மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிக்கும் அளவுகோலில் இரண்டாம் படி) 180 முதல் 200 மணி நேரம், பி1 நிலைக்கு 350 முதல் 400, பி2 நிலைக்கு 500 முதல் 600 மணி நேரப் பாடம் வேண்டும். மேலே சொன்ன 90 நிமிட வகுப்பு வாரம் ஐந்து என்றால் ஏழரை மணி நேரம். ஏ2-க்கே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும், பி1-க்கு ஏறக்குறைய ஒரு வருஷம். உபோசத நாள், திருவிழா, பயணம் எல்லாம் கழித்தால் இன்னும் நீளும்.

சிறு சூத்திரத்தை எழுத்தில் மொழிபெயர்க்க பி1 போதும், அகராதியும் நேரமும் இருந்தால். மேடையில் உடனுக்குடன் சொல்ல பி2-க்குக் குறையாமல் வேண்டும். 'மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பாளர்' என்று விகாரையில் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிடறாங்க. ஆனா சொந்தமா ஒரு வாக்கியம் வர மாட்டேங்குது. என்ன பண்றது?

இது எல்லா ஆசிரியரும் மோதும் சுவர். துறவிகளின் படிப்பே மனப்பாடத்தில் நிற்பது. சிறு வயதிலிருந்து நூற்றுக்கணக்கான பக்கத்தை நெட்டுருப் போட்டவருக்கு உங்கள் முப்பது வாக்கியம் ஒன்றுமே இல்லை, மறுநாள் ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பிப்பார். ஒப்பிக்கிறாரே, வந்துவிட்டது என்று நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போவீர்கள். அங்கேதான் கெடும். இரண்டு மாதம் கழித்து 'நேற்று என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் மௌனம்.

மனப்பாடத்தைத் தடுக்க வேண்டாம், அதையே சட்டகமாக்கிக்கொள்ளுங்கள். அவர் ஒப்பிக்கும் வாக்கியத்தில் ஒரே ஓர் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். 'கோபம் மனத்தை எரிக்கிறது' என்பதில் கோபத்தை எடுத்துவிட்டு வேறு ஐந்து சொல் போடட்டும். அடுத்து வினையை மாற்றட்டும். பிறகு எதிர்மறை, பிறகு கேள்வி. ஒரு வாக்கியத்திலிருந்து இருபது வாக்கியம் வரும், அத்தனையும் அவருடையது. திபெத்தியர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. மடத்தில் தினமும் கைதட்டித் தர்க்கம் செய்து பழகியவர்கள் அவர்கள். 'ஏன்?', 'இது சரியென்றால் அது எப்படி?', 'ஒப்புக்கொள்கிறேன்', 'காரணம் நிற்காது' என்ற நான்கு வாய்பாட்டை இங்கிலீஷில் கொடுத்து இருவரை எதிரெதிரே நிறுத்துங்கள். கூச்சம் போன இடம் தெரியாது.

என் உச்சரிப்பே தமிழ் உச்சரிப்பு. அதையே அவங்களும் பிடிச்சுக்க மாட்டாங்களா?

பிடித்துக்கொள்வார்கள், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கேட்பவருக்குப் புரிந்தால் போதும். புரிவதைக் கெடுக்கும் ஒலிகள் எவை என்பது மாணவரின் தாய்மொழியைப் பொறுத்தது. மியான்மர், வியட்நாம்காரர்களுக்குச் சொல்லின் கடைசி மெய் விழுங்கப்படும். 'மைண்ட்', 'மைன்' இரண்டும் ஒன்றாகிவிடும். தாய்லாந்துக்காரர்களுக்கு 'ர', 'ல' குழம்பும், கடைசி 'ல்' 'ன்' ஆகும். சிங்களம் பேசுவோருக்கு 'ப'வும் 'ஃப'வும் இடம் மாறும். வங்காளம் பேசும் பருவா (வங்காள பௌத்தச் சமூகம்) பிக்குகளுக்கு 'ஸெட்' ஒலியும் 'ஜ'வும் குழம்பும். திபெத்தியருக்கும் 'ஃப' கடினம்.

எல்லோருக்கும் பொதுவான நோய் கடைசியில் வரும் 'ட்', 'ஸ்' விடுபடுவது. இங்கிலீஷில் காலமும் பன்மையும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. 15 நிமிட ஒலிப் பயிற்சியில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். நம் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு: 'எஸ்' என்று ஆரம்பிக்கும் கூட்டெழுத்துக்கு முன் 'இ' போட்டு 'இஸ்கூல்' என்பது. சிங்களத்திலும் இதே பழக்கம் இருப்பதால் ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். மொபைலில் பதிவு செய்து கேளுங்கள்.

தமிழ் தெரிஞ்சது இதுக்கு உதவுமா, இடைஞ்சலா?

உதவும், அதுவும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக. திபெத்தியம், பர்மியம், சிங்களம், வங்காளம் எல்லாவற்றிலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். 'புத்தர் ஜேதவனத்தில் பிக்குகளுக்குச் சொன்ன உபதேசம்' என்று நாம் அடைகளை எல்லாம் பெயருக்கு முன்னால் அடுக்குவோம், அவர்களும் அப்படியே. இங்கிலீஷ் 'உபதேசம்' என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னால் இழுத்துவரும். இந்தத் திருப்பம் எவ்வளவு கஷ்டம் என்று இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட வெள்ளைக்கார ஆசிரியருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பள்ளியில் நீங்கள் அதை எப்படிப் பழகினீர்களோ அப்படியே சொல்லிக் கொடுங்கள்: முதலில் யார், அடுத்து வினை, அடுத்து எதை, மிச்சம் கடைசியில். நீண்ட வாக்கியத்தை மூன்றாக வெட்டுவது தவறே இல்லை என்றும் சொல்லுங்கள்.

இடைஞ்சல் ஒரே இடத்தில்தான். தேரவாத நூல்களின் மொழியான பாலியின் சொற்கள் பல தமிழிலும் உண்டு, பொருள் வேறு. பாலியில் 'வேதனா' என்பது இன்பம், துன்பம், இரண்டுமற்றது ஆகிய மூவகை உணர்ச்சியும். தமிழ் 'வேதனை'யை மனதில் வைத்து 'பெயின்' என்று திருத்தினால் மூன்றில் இரண்டு காணாமல் போகும். 'விஞ்ஞானம்' சயன்ஸ் அல்ல, 'சம்சாரம்' வீட்டுக்காரியும் அல்ல. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு சார்பைத் தமிழில் அடுக்கும்போது வேதனாவை 'நுகர்வு' என்றும், விஞ்ஞானத்தை 'உணர்வு' என்றும், ஸ்பர்சத்தை 'ஊறு' என்றும் சொல்கிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

துக்கத்துக்கு 'சஃபரிங்'னு எழுதலாமா, கூடாதா? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொண்ணு இருக்கு.

எழுதலாம். 'அன்ஸாட்டிஸ்ஃபாக்டரினெஸ்', 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், 'துக்க' என்றே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று முடிவு செய்வது முன்பே சொன்னபடி பிக்குவின் வேலை. அந்த முடிவு நூலின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அதற்கு ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மூலச் சொல், தேர்ந்த இங்கிலீஷ் சொல், ஒதுக்கிய சொல், எந்த நூலில் எந்த இடம், முடிவெடுத்த தேதி. ஒதுக்கிய சொல்லை எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அதே வாதம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நூலுக்கு இருபது முப்பது சொல் போதும். எல்லாச் சொல்லையும் பட்டியலில் ஏற்றப் பார்த்தால் நூல் நகராது.

அவங்க எழுதின மொழிபெயர்ப்பை நான் எவ்வளவு திருத்தலாம்?

பிழையை மூன்றாகப் பிரியுங்கள். இலக்கணப் பிழையைக் கேட்காமலே திருத்துங்கள். பொருள் சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள், மாற்றாதீர்கள். நடை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கை வைக்காதீர்கள். எளிய, கொஞ்சம் மொட்டையான இங்கிலீஷ் உபதேசத்துக்குப் பொருந்தும். அலங்காரம் சேர்க்கும் ஆசை நமக்குத்தான் அதிகம்.

சரிபார்க்க நல்ல வழி: மூலத்தையோ வேறு மொழிபெயர்ப்பையோ பார்க்காமல் பிக்குவின் இங்கிலீஷை மட்டும் படித்து, புரிந்ததை உங்கள் சொல்லில் அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் பிழை இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பொருள் தெரிந்து படித்தால் இல்லாததையும் இருப்பதாக வாசித்துவிடுவீர்கள்.

திரும்பத் திரும்ப வரும் பத்திகளை வெட்டலாமா என்று கேட்பார்கள். பாலி ஏடுகளிலேயே 'பெய்யாலம்' என்று குறியிட்டுச் சுருக்கும் வழக்கம் உண்டு. ஓதுவதற்கான பிரதி என்றால் முழுதாக வையுங்கள், படிப்பதற்கு என்றால் புள்ளி வைத்துச் சுருக்கலாம். எங்கே சுருக்குவது என்பதை அவர் சொல்லட்டும்.

குரு பேசப் பேச மேடையில சொல்லணும்னா எப்படிப் பழக்கறது?

இருபது விநாடிப் பேச்சில் தொடங்குங்கள். நீங்கள் அவர் மொழியில் பேச முடியாது என்பதால் இன்னொரு பிக்கு பேசட்டும், இவர் இங்கிலீஷில் சொல்லட்டும், நீங்கள் இங்கிலீஷை மட்டும் கேளுங்கள். பிறகு நாற்பது விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு மேல் எந்தக் குருவையும் நிறுத்தாமல் பேச விடாதீர்கள். அதற்கு ஒரு கைச்சாடையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் சிறிய ஸ்பைரல் நோட்டு. அதில் வாக்கியம் எழுதக் கூடாது. எண், பெயர், 'ஆனால்', 'அதனால்' போன்ற இணைப்பு ஆகிய மூன்று மட்டும். பொருள் நினைவில் நிற்கும், நழுவுவது இந்த மூன்றுதான். எண்ணில் தனிப் பொறி உண்டு. திபெத்தியத்தில் பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. 84,000 உபதேசம் என்பது அங்கே 'எட்டுப் பத்தாயிரம் நாலாயிரம்'. மேடைப் பதற்றத்தில் 'எய்ட் தவுசண்ட் ஃபோர்' என்று வரும். தாய், பர்மிய மொழிகளிலும் பத்தாயிரத்துக்குத் தனிச்சொல் உண்டு. எண்களை மட்டும் தினம் ஐந்து நிமிடம் மாற்றிச் சொல்லிப் பழக்குங்கள்.

குரு 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தால் கேட்பவர் களைத்துவிடுவார். பல பிக்குகளுக்கு இது கூச்சமாக இருக்கும், குருவின் இடத்தில் தன்னை வைப்பது போல. பேச்சு தொடங்கும் முன் ஒரே முறை சபைக்கு இந்த முறையை அறிவித்துவிடச் சொல்லுங்கள், கூச்சம் தீரும்.

புரியாத இடம் வந்தா?

மேடையிலேயே குருவிடம் திரும்பிக் கேட்க வேண்டும். அதற்கான மரியாதையான வாக்கியத்தைத் தாய்மொழியிலும், 'ஒரு நிமிடம், கேட்டுச் சொல்கிறேன்' என்பதை இங்கிலீஷிலும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். ஊகித்துச் சொல்வது மட்டும் கூடாது.

மொபைல்ல போட்டா மொழிபெயர்த்துத் தருதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு?

டாக்டர் சீட்டு, பஸ் நேரம், கடிதம் இவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். உபதேச நூலில் அது இரண்டு விதமாகக் காலை வாரும். ஒரே சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாகப் போடும், ஐந்து கட்ட நோட்டு வீணாகும். வாக்கியம் சரளமாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. முதலில் அவரே எழுதி, பிறகு மொபைலோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அதுவும் ஒரு பாடம்.

மொழிபெயர்த்ததை வெளியிடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

பாலி மூலம் பழையது, அதற்கு உரிமைத் தடை இல்லை. இன்று வாழும் ஆசிரியரின் உரையோ நூலோ என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்தபின்னும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும், மொழிபெயர்ப்பு உரிமையும் அதில் அடக்கம். வகுப்புக்கு இங்கிலீஷ் பிரதி தேவைப்பட்டால் சுத்தசென்ட்ரல் தளத்தில் பிக்கு சுஜாதோவின் மொழிபெயர்ப்புகள் உரிமை துறந்து வெளியிடப்பட்டவை, எத்தனை ஜெராக்ஸ் வேண்டுமானாலும் போடலாம்.

திபெத்திய வஜ்ரயான நூல்களில் சில, தீட்சை பெற்றவர் மட்டுமே படிக்க வேண்டியவை. அப்படிப்பட்ட தாள் கைக்கு வந்தால் பாடமாக எடுக்காதீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பிக்குவை எங்க வீட்லயே தங்க வெச்சுப் படிக்க வைக்கலாமா?

தங்க வைக்கலாம், ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். லாட்ஜுகளுக்கு இது பழக்கம், வீடுகளில்தான் மறந்துவிடுவார்கள். பெண்கள் இருக்கும் வீட்டில் ஒரே கூரையடியில் இரவு தங்குவது விநயச் சிக்கல், ஆகவே பெரும்பாலும் பிக்குவே மறுத்துவிடுவார். விகாரையிலோ லாட்ஜிலோ தங்கவைத்து, வகுப்புக்கு மட்டும் வீட்டுக் கூடத்தைக் கொடுப்பதுதான் இரு பக்கமும் வசதி.

பாதியில டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போயிட்டா படிச்சது எல்லாம் போச்சா?

சி.எம்.சி. பக்கத்து வகுப்புகளில் இது வாரா வாரம் நடக்கும். அதனால் பாடத்தை இரண்டு வாரத் துண்டுகளாக அமையுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு நூலை முடிப்பதாக இருக்கட்டும், பாதியில் தொங்கக் கூடாது. கிளம்பும் நாளில் சொல் நோட்டின் போட்டோ, நீங்கள் படித்துப் பதிவுசெய்த பத்து நிமிட ஒலிப்பதிவு, அவர் முதல் நாள் பேசிய பதிவு மூன்றையும் அவருடைய மொபைலில் ஏற்றிக் கொடுங்கள்.

பிறகு வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். அவர் ஒரு பாடலை இங்கிலீஷில் இரண்டு நிமிடம் விளக்கி அனுப்ப, நீங்கள் இரண்டே திருத்தம் சொல்லி அனுப்புங்கள். பத்துத் திருத்தம் சொன்னால் அடுத்த வாரம் மெசேஜ் வராது. ரிவ்யூவுக்கு ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தேதி போட்ட நோட்டு உங்களிடம் இருந்தால்.